கிளிஃபர்டின் நன்றியுரை

கிளிஃபர்ட் ஹார்க்ரீவ்ஸுக்கு வாய் கொஞ்சம் நீளம். இங்கிலாந்தின் வடக்கே உள்ள கீலி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மீன் கடையில் கொடுத்த உருளைக்கிழங்கு வறுவல் மொறுமொறுவென்று இல்லாவிட்டால், "இதைத் திங்கறதா, காதுல அடைச்சுக்கறதா?" என்று வரிசையில் கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும்படி கேட்பார். பாதிரியாரின் பிரசங்கம் நீண்டால் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதருகில் வைத்து, ஓடுகிறதா என்று ஆட்டிப் பார்ப்பார். மகள் ஹிலரி படிப்பு முடிந்த கையோடு நாட்டின் தெற்குக் கோடிக்குப் போய், கடலோரத்து போர்ன்மத்திலேயே தங்கிவிட்டாள். அதற்கு அந்த வாயும் ஒரு காரணம் என்று ஊரில் பேச்சு. பொய் என்று சொல்ல முடியாது.

இப்பேர்ப்பட்ட மனிதர் வருடத்தில் ஒரு நாள் மட்டும் தேனொழுகப் பேசுவார். பவுல்ஸ் சங்கத்தின் ஆண்டு விருந்து நாள் அது. புல்தரையில் பந்துருட்டும் கிழவர்கள் எல்லோரும் டை கட்டிக்கொண்டு வந்து, மாட்டிறைச்சியும் பட்டாணியும் தின்று முடித்ததும், சங்கச் செயலாளர் கிளிஃபர்ட் எழுந்து நன்றியுரை ஆற்றுவார். தலைமை விருந்தினருக்கு மனமார்ந்த நன்றி, சமையல் செய்த பெண்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி, புல் வெட்டியவருக்கு என்றென்றும் கடமைப்பட்டுள்ளோம், அன்று பெய்யாமல் போன மழைக்கும் ஒரு நன்றி. "நன்றி சொல்ல வார்த்தைகளே இல்லை" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் கால் மணி நேரம் வார்த்தைகளாகவே கொட்டுவார். முப்பது வருடம் அதே உரைதான், விருந்தினர் பெயர் மட்டும்தான் மாறும். குளிக்கும்போதும் கார் ஓட்டும்போதும் ஒத்திகை பார்த்துப் பார்த்து, அவருக்கே தெரியாமல் வாய் அதை ஓட்டப் பழகியிருந்தது. அதில் ஒரு சொல்லாவது உள்ளத்திலிருந்து வந்ததா என்று கேட்டால், மாட்டிறைச்சி வேகவில்லை என்ற எண்ணம்தான் அப்போது உள்ளத்தில் இருந்திருக்கும்.

பிப்ரவரியில் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுதும் போனது. ஆஸ்பத்திரியில் கண் திறந்து, இது தலையணையா பாறாங்கல்லா என்று நர்ஸைக் கேட்க வாயைத் திறந்தார்.

"தங்கள் அன்பான உதவிக்கு மனமார்ந்த நன்றி" என்றது வாய்.

தப்பாக வந்துவிட்டது என்று நினைத்து மறுபடி முயன்றார். "என்றென்றும் கடமைப்பட்டுள்ளோம்" என்றது. நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வார்டில் ஒரு வாரமாக அவளை யாரும் மனுஷியாகவே மதிக்கவில்லையாம்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். "மூளையில பேச்சை உருவாக்குற இடம் அடிபட்டுப் போச்சு. ஆனா ரொம்பப் பழகி மனப்பாடமானது வேற இடத்துல தங்கியிருக்கும், அது சில பேருக்குத் தப்பிச்சுடும். ஒருத்தருக்கு ஜெபம் மிஞ்சும், ஒருத்தருக்குக் கெட்ட வார்த்தை மிஞ்சும். உங்களுக்கு நன்றி மிஞ்சியிருக்கு. நீங்க அதிர்ஷ்டசாலி."

அடுத்த கட்டிலில் படுத்திருந்த லாரிக்காரருக்குக் கெட்ட வார்த்தை மிஞ்சியிருந்தது. ஒரே ஒரு வார்த்தை. அதை அவர் சொன்னதும் நாலு பேர் ஓடி வந்து எங்கே வலிக்கிறது, என்ன வேண்டும் என்று கேட்டார்கள். கிளிஃபர்ட் வலியில் துடித்துக்கொண்டு நன்றி சொன்னால், "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துப் போனார்கள். லாரிக்காரரின் அதிர்ஷ்டத்தை நினைத்து அவர் பொறாமையில் வெந்தார்.

தலையாவது ஆட்டலாமே என்று கேட்பீர்கள். அதுவும் அவர் கையில் இல்லை. வேண்டாம் என்று ஆட்ட நினைத்தால் தலை சரியென்று ஆடும், சில சமயம் சரியாகவே ஆடிவிடும், எப்போது எது என்று அவருக்கே தெரியாது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஆம், இல்லை என்று இரண்டு அட்டைகளை நீட்டினாள். "உங்க பேரு கிளிஃபர்டா?" என்றதற்கு அவருடைய இடது கை இல்லை என்ற அட்டையைத் தொட்டது. எழுதச் சொன்னபோது புழு நெளிந்த மாதிரி நாலு கோடு வந்தது. உள்ளே மட்டும் எல்லாம் அப்படியே இருந்தது. பழைய கிளிஃபர்ட், பழைய எரிச்சல், பழைய குத்தல், ஒன்றுகூடக் குறையாமல். ஊமை கண்ட கனவு என்பார்களே, ஊமைக்காவது வாய் சும்மா இருக்கும். இவர் வாய் இவரை மீறிப் பேசியது.

வீட்டுக்கு அனுப்பினார்கள். மாடிப்படி ஏற முடியாது என்பதால் முன்னறையில் கட்டில் போட்டார்கள். காலையும் மாலையும் உடம்பு துடைத்துவிட ஷெல்லி என்ற பெண்ணை ஊர்க் கவுன்சில் அனுப்பியது. அவள் தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கொண்டுவந்தாள். கிளிஃபர்ட் சர்க்கரையைத் தொட்டே இருபது வருடம் இருக்கும். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"நன்றி சொல்ல வார்த்தைகளே இல்லை!"

"அட, என்ன தங்கமான மனுஷன்!" என்றாள் ஷெல்லி. மறுநாள் நாலு கரண்டி போட்டாள்.

இதைக் கண்டுபிடித்தவள் பெரில்தான். பெரில் ஆட்ஷெட் கணவனை இழந்தவள், சங்கத்தில் ஆட்டப் புள்ளிப் பலகையைப் பார்த்துக்கொண்டவள். கிளிஃபர்டின் மனைவி இறந்து சில வருடங்கள் கழித்து இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு புதன்கிழமையும் சேர்ந்தது. பிறகு ஸ்கார்பரோவில் ஒரு வாரம், கடலைப் பார்த்தபடி ஒரே அறை. ஆனாலும் யாராவது கேட்டால் "சிநேகிதிதான்" என்பார் அவர், "சும்மா துணைக்கு" என்பாள் அவள். ஊருக்கே தெரிந்த விஷயத்தை அந்த இரண்டு பேரும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி மறைத்தார்கள். ஹிலரிக்கு மட்டும் நிஜமாகவே தெரியாது.

பெரில் கோப்பையை முகர்ந்து பார்த்தாள்.

"சர்க்கரை போட்டுட்டாளா? அதான் மூஞ்சி இப்படிக் கோணியிருக்கு. இப்ப நீ சொன்னது நன்றி இல்லையே, கிழவா. 'இதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில ஊத்து'ன்னு சொன்னே. சரியா?"

"மனமார்ந்த நன்றி!" என்றார் கிளிஃபர்ட். சந்தோஷத்தில் உமிழ்நீர் தாடையில் வழிந்தது.

"இது சரின்னு அர்த்தம்" என்றாள் பெரில், துடைத்துக்கொண்டே.

அதன் பிறகு தினமும் பஸ் பிடித்து வந்தாள். சொல்லைக் கேட்காமல் குரலைக் கேட்டாள். ஜன்னலை மூடச் சொல்லும் நன்றி வேறு, தொலைக்காட்சியில் வரும் அரசியல்வாதியைத் திட்டும் நன்றி வேறு, முதுகு அரிக்கும் நன்றி வேறு என்று பிரித்துக் கண்டுகொண்டாள். மனதில் எவ்வளவு பொங்குகிறதோ அவ்வளவு நீளமாக நன்றி வரும் என்பதையும் அவள்தான் முதலில் கவனித்தாள். சின்ன எரிச்சலுக்கு ஒரு வரி, பெரிய கோபத்துக்கு ஒரு பத்தி. ஒருநாள் கால் விரல் கட்டிலில் இடித்துக்கொண்டபோது சமையல் செய்த பெண்கள் வரைக்கும் போய்விட்டார். பெரில் சிரித்துச் சிரித்துக் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவரும் சிரித்தார். சிரிப்பு மட்டும் ஒழுங்காக வந்தது.

அன்று சிரித்து முடித்த பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "என் வீட்டுல மாடிப்படி கிடையாது. பின்னறை சும்மாதான் கிடக்கு. அகலமான கதவு, சக்கர நாற்காலி போகும். எனக்கு ஒண்ணும் சிரமம் இல்லை. நான் சும்மா சொல்றேன்."

எண்பதை நெருங்கும் கிளிஃபர்டின் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய வார்த்தையை யாரும் அவரிடம் சொன்னதில்லை. சரி என்று சொல்லத் தொண்டை வரை வந்தது. தலைமை விருந்தினரில் ஆரம்பித்துப் பாதி உரை வந்தது. பெரில் அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள். "தெரியுது, தெரியுது. நேரம் வரும்போது உன் பொண்ணுகிட்ட சொல்லிக்கலாம்."

நேரம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். ஹிலரி போர்ன்மத்திலிருந்து காரில் வந்திருந்தாள். தன் வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல முதியோர் இல்லம் ஒன்று பார்த்துவைத்திருந்தாள். கவுன்சிலிலிருந்து ஃபர்ஸானா என்ற பெண் அதிகாரி வந்தாள். கீலியிலேயே பிறந்து வளர்ந்தவள், நல்ல பெண். கிளிஃபர்டின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு, அவர் கண்ணைப் பார்த்துப் பேசினாள். ஆஸ்பத்திரியை விட்டு வந்தபின் பெரிலைத் தவிர அவரிடம் அப்படிப் பேசியவள் இவள் ஒருத்திதான்.

"மிஸ்டர் ஹார்க்ரீவ்ஸ், இந்த வீட்டுல நீங்க ரொம்ப நாள் இப்படி இருக்க முடியாது. எங்க போறதுன்னு முடிவு பண்ணணும். உங்க விருப்பம் என்னன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்."

"அப்பா, கடல் தெரியுற ரூம்" என்றாள் ஹிலரி. "நான் தினம் வந்து பார்ப்பேன். இவ்வளவு நாள் வராததுக்கு எல்லாம் சேர்த்து வருவேன். உங்களுக்குச் சம்மதம்தானே?"

போர்ன்மத்துக்கும் கீலிக்கும் நடுவில் ஒரு நாட்டின் நீளம் கிடந்தது. பெரிலுக்கு இடுப்பு எலும்பு சரியில்லை, கார் ஓட்டவும் தெரியாது. போனால் போனதுதான், இனி அவளைப் பார்க்கப்போவதில்லை. கிளிஃபர்ட் பலம் கொண்ட மட்டும் மாட்டேன் என்றார்.

"தாங்கள் காட்டிய அன்புக்கு என்றென்றும் கடமைப்பட்டுள்ளோம்!"

ஹிலரி கைக்குட்டையை எடுத்தாள். "என்னை வாழ்நாள்ல ஒரு தடவைகூடப் பாராட்டினதில்லை இந்த மனுஷன்" என்றாள் ஃபர்ஸானாவிடம். "இப்ப பாருங்க."

அவள் அழுததில் கள்ளம் இல்லை. அதுதான் கிளிஃபர்டை மேலும் வதைத்தது. கெட்டவளாக இருந்திருந்தால் வெறுத்தாவது தொலைக்கலாம்.

ஃபர்ஸானா அவசரப்படவில்லை. "அவர் சொல்ற வார்த்தையை மட்டும் வச்சு நான் முடிவு பண்ண முடியாது. அவரை நல்லாத் தெரிஞ்சவங்களையும் கேட்கணும்." மூலையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த பெரிலைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க தினமும் வர்றீங்கன்னு ஷெல்லி சொன்னாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

கிளிஃபர்ட் உள்ளுக்குள் கெஞ்சினார். சொல்லு. பின்னறையைச் சொல்லு. அகலமான கதவைச் சொல்லு.

"நானா?" என்றாள் பெரில். "ஐயோ, நான் வெறும் சிநேகிதிம்மா. இது குடும்ப விஷயம். நான் குறுக்கே வரக் கூடாது."

இந்த ஊர் மரியாதையை என்னவென்று சொல்ல! கேக் துண்டை நீட்டினால்கூட முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை வற்புறுத்தினால் யோசிக்கலாம், மூன்றாவது தடவை ஒரு சின்னத் துண்டு. முதல் கேள்விக்கே ஆமாம் என்பவள் பேராசைக்காரி. அதிலும் ஒரு கிழவன், அவனுக்கு ஒரு வீடு, பக்கத்தில் ரத்த உறவு இல்லாத ஒருத்தி. ஊர் என்ன பேசும் என்று பெரிலுக்குத் தெரியும். ஃபர்ஸானா இன்னொரு தடவை கேட்பாள் என்று காத்திருந்தாள். கிளிஃபர்டுக்கு அது பளிச்சென்று தெரிந்தது, ஏனென்றால் அவரும் அதே ஊர்க்காரர்.

ஃபர்ஸானா மறுபடி கேட்கவில்லை. ஒரு பெண்மணியைக் கட்டாயப்படுத்துவது மரியாதை இல்லை என்று அவளும் நினைத்திருப்பாள். தலையசைத்து எதையோ குறித்துக்கொண்டாள்.

"நான் போய்த் தேநீர் போடுறேன்" என்று பெரில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவள் கெட்டிலில் தண்ணீர் பிடிப்பது கேட்டது. இங்கே ஹிலரி மாதக் கடைசியில் வண்டி ஏற்பாடு செய்வதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். கிளிஃபர்ட் இடது கையால் போர்வையைப் பிசைந்தார். கெட்டில் கொதித்து அடங்கியது. ஆனாலும் பெரில் வரவில்லை. கோப்பைகள் மோதும் சத்தம்கூட இல்லை. வெறும் நீரைப் பார்த்தபடி அங்கே நின்றுகொண்டிருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

பிறகு வந்தாள். கையில் தட்டு இல்லை, தேநீரும் இல்லை. முகமும் கழுத்தும் சிவந்திருந்தன.

"நான் முன்னாடி சொன்னது தப்பு" என்றாள், நின்றபடியே. "மன்னிக்கணும். குறுக்கே வர்றேன்னு தெரியும். அவர் நன்றி சொல்லலை. அவருக்கு அங்க போக இஷ்டமில்லை. என் வீட்டுல மாடிப்படி இல்லை. நான் அவரை வச்சுப் பார்த்துக்கறேன். நாங்க... நாங்க வெறும் சிநேகிதம் இல்லை, ஹிலரி. எட்டு வருஷமா இல்லை."

வாழ்நாளில் எவர் வழியிலும் குறுக்கே நிற்காத பெண், ஒரு முன்னறையின் நடுவில் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். ஹிலரியின் வாய் திறந்தபடி இருந்தது. ஃபர்ஸானா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலின் பக்கம் குனிந்தாள். அவள் குரலில் ஒரு நம்பிக்கை இருந்தது.

"மிஸ்டர் ஹார்க்ரீவ்ஸ், இவங்க சொல்றது சரியா? இவங்ககூடப் போகத்தான் உங்களுக்கு இஷ்டமா?"

தலையை மட்டும் ஆட்டியிருந்தால்கூடப் போதும். எப்படி ஆடினாலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தது. ஆனால் கிளிஃபர்டுக்குள் அன்று பொங்கியது தலையாட்டலில் அடங்குகிற அளவு இல்லை. எட்டு வருடமாக ஒளித்துவைத்ததை ஒருத்தி எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டிவிட்டாள். அவள் பெயரைச் சொல்ல வேண்டும். ஆமாம், ஆமாம், இவள்தான் என்று சொல்ல வேண்டும். கண்ணில் நீர் முட்ட, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து வாயைத் திறந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா?

"தமது பொன்னான நேரத்தை ஒதுக்கி இங்கே வருகை தந்து நம்மைச் சிறப்பித்த தலைமை விருந்தினருக்கு, சங்கத்தின் சார்பிலும் என் சார்பிலும் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று ஆரம்பித்தது. நிற்கவில்லை. சமைத்தவர்களைத் தாண்டியது, புல் வெட்டியவரைத் தாண்டியது, மழையைத் தாண்டியது. அவர் பல்லைக் கடித்து நிறுத்தப் பார்த்தார். அது பல்லிடுக்கில் வந்தது. பக்கவாதம் வந்தபின் ஒருபோதும் கடைசிவரை போகாத உரை, அன்று கடைசிவரை போயிற்று. "அவருக்கு வேறு பணிகள் காத்திருக்கின்றன என்பதை நாம் அறிவோம். இனியும் அவரைத் தாமதப்படுத்துவது முறையாகாது. பலத்த கரவொலியுடன் அவருக்கு விடைகொடுப்போம்."

ஃபர்ஸானா மறுபடி பேனாவை எடுத்தாள்.

"அப்பாவே சொல்லிட்டாரே" என்றாள் ஹிலரி கடைசியில், மெதுவாகத்தான் சொன்னாள். "ஸாரி, பெரில். உங்களுக்கு நாங்க ரொம்பக் கடமைப்பட்டிருக்கோம். இத்தனை நாள் பார்த்துக்கிட்டதுக்கு."

ஃபர்ஸானா பெரிலைப் பார்த்தாள். "நீங்க வேற ஏதாவது சொல்லணுமா? சொல்லலாம்."

இப்போது இரண்டாவது தடவை கேட்டுவிட்டாள். ஆனால் பெரிலின் துணிவு தீர்ந்துவிட்டது. இருந்ததெல்லாம் அந்த ஒரு தடவைக்குத்தான் இருந்திருக்கும். எல்லோர் முன்னாலும் உள்ளத்தை அவிழ்த்து வைத்தாயிற்று, விடைகொடுத்தாயிற்று, இதற்குமேல் நிற்பது அவள் பிறந்து வளர்ந்த முறையில் இல்லை.

"இல்லைம்மா. குடும்பம் பார்த்து முடிவு பண்றதுதான் சரி. நான் கிளம்பறேன், பஸ் வந்துடும்."

கோட்டை மாட்டிக்கொண்டாள். பொத்தான்களைத் தப்பும் தவறுமாகப் போட்டாள். கிளிஃபர்ட் அவள் முகத்தையே தேடினார். ஜன்னலுக்கு ஒரு குரல், முதுகுக்கு ஒரு குரல் என்று பிரித்தறிந்தவள் இதையும் அறிந்தாளா? இத்தனை நீள நன்றி எதற்கு வரும் என்று கண்டுபிடித்ததே அவள்தானே? இல்லை, அதெல்லாம் கிழவனுக்காகத் தானே கட்டிக்கொண்ட கதை, உண்மையில் அவன் நன்றிதான் சொல்லிக்கொண்டிருந்தான் என்று இப்போது நினைத்துவிட்டாளா? அவர் கண்ணால் கேட்டார். அவள் கண்ணைப் பார்க்கவில்லை. குனிந்து போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தாள்.

"நமக்குள்ள எதுக்கு, கிளிஃப், நன்றியெல்லாம்" என்றாள்.

புரிந்து சொன்னாளா, புண்பட்டுச் சொன்னாளா? குரலில் ஒன்றும் இல்லை. வெளி ஆட்கள் முன்னால் குரலில் ஒன்றும் இல்லாமல் பேச அவளுக்கு எழுபத்தைந்து வருடப் பழக்கம். வாசற்கதவை யாருக்கும் தொந்தரவு இல்லாமல் மெல்லச் சாத்திக்கொண்டு போனாள்.

கிளிஃபர்ட் கத்தினார். பெரில், பெரில் என்றுதான் கத்தினார். கட்டிலின் கம்பி அதிர, கழுத்து நரம்பு புடைக்க, நன்றி நன்றி என்று மூடிய கதவைப் பார்த்துக் கத்தினார். தெருவில் பஸ் வந்து நிற்கும் சத்தமும் கிளம்பும் சத்தமும் கேட்டன.

ஹிலரி கட்டிலருகே மண்டியிட்டு, அவர் தாடையில் வழிந்ததைக் கைக்குட்டையால் துடைத்தாள். அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"போதும்பா, போதும். அவங்களுக்குக் கேட்டிருக்கும். நீங்க நன்றி சொன்னது நல்லாவே கேட்டிருக்கும்."